முயல் குடலில் கிடைத்த விடை

1959 மே மாத இறுதியில் வெளியான ‘நேச்சர்’ ஆய்விதழில், ஒரு பக்கத்தைச் சற்றே தாண்டிய சிறு கட்டுரை ஒன்று இடம்பெற்றது. அதை எழுதியவர் ஒரே ஒருவர்: கல்கத்தா மருத்துவக் கல்லூரியின் நோய்க்குறியியல் பேராசிரியர் சம்புநாத் தே. காலராக் கிருமியை வளர்த்த நீர்மத்திலிருந்து கிருமிகளை முழுவதுமாக வடிகட்டி நீக்கிய பின்னரும், எஞ்சிய தெளிநீர் முயலின் குடலில் காலராவை ஒத்த நீர்ப்பெருக்கை உண்டாக்குகிறது என்பதே அக்கட்டுரை சொன்ன செய்தி. கொல்வது கிருமியின் உடல் அன்று. அது சுரந்து வெளியே விடும் ஒரு நச்சு. முக்கால் நூற்றாண்டாக ஐரோப்பிய ஆய்வுக்கூடங்கள் தேடிச் சலித்த விடை அதில் இருந்தது. ஆயினும் அந்த ஆண்டில் அதைப் பெரும்பாலோர் பொருட்படுத்தவில்லை.

காலராவின் தன்மையை அறிந்தவர்களுக்கே அந்தச் சில பத்திகளின் கனம் புரியும். நம் முன்னோர் வாந்திபேதி என்று அஞ்சிய நோய் இது. காலையில் வயலுக்குப் போனவர் மாலைக்குள் மடிந்துவிடுவார். கடுமையாகப் பற்றினால் ஒரு மணி நேரத்திலேயே ஒரு லிட்டர் வரை நீர் உடலைவிட்டு வெளியேறிவிடும். அரிசி கழுவிய நீர் போன்ற அந்தக் கழிவில் இரத்தமும் இராது, சீழும் இராது. கண்கள் குழிவிழும், தோல் சுருங்கும், நாடி தளரும். சிகிச்சை கிட்டாவிடில், கடுமையாகத் தாக்கப்பட்டவர்களில் பாதிப்பேர் பிழைப்பதில்லை.

1884இல் ராபர்ட் கோக் கல்கத்தாவுக்கு வந்து, குளத்து நீரிலும் நோயாளிகளின் குடலிலும் காற்புள்ளி வடிவக் கிருமியைக் கண்டார். இத்தாலியரான பிலிப்போ பசினி 1854இலேயே அதை நுண்ணோக்கியில் பார்த்திருந்தார் என்பது தனிக் கதை. கிருமி இரத்தத்தில் கலப்பதில்லை, குடலிலேயே தங்குகிறது. எனவே அது ஏதோ ஒரு நஞ்சைச் சுரக்க வேண்டும் என்று கோக் ஊகித்தார். ஊகம் சரியானது. அதை மெய்ப்பிக்கத்தான் ஒருவராலும் இயலவில்லை. வளர்ந்த விலங்குகளுக்கு வாய்வழியாகக் கிருமியைக் கொடுத்தால் நோய் வருவதில்லை. ஊசிவழி இரத்தத்திலோ வயிற்றறையிலோ செலுத்தினால் விலங்கு இறக்கும். ஆனால் அந்தச் சாவு காலராச் சாவைப் போல இராது. செத்த கிருமியின் உடற்சுவரிலிருந்து கசியும் பொருளே நஞ்சு என்ற கருத்து நிலைத்துப் போனது. சரியான கேள்வியைத் தவறான இடத்தில் கேட்டுக்கொண்டே இருந்தார்கள் என்பது என் எண்ணம்.

சம்புநாத் 1915 பிப்ரவரி 1ஆம் நாள் வங்கத்தின் ஹூக்ளி மாவட்டத்துக் கிராமம் ஒன்றில், எளிய குடும்பத்தில் பிறந்தார். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பயின்று 1939இல் பட்டம் பெற்றார். அவருடைய ஆசிரியர்களில் ஒருவரான மணீந்திரநாத் தே பின்னாளில் அவருக்கு மாமனாரும் ஆனார். இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு லண்டன் சென்று, யுனிவர்சிட்டி காலேஜ் மருத்துவமனைப் பள்ளியில் ராய் கேமரான் என்ற நோய்க்குறியியல் அறிஞரிடம் ஆய்வு செய்து, 1949இல் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பினார்.

லண்டனில் அவர் கையாண்ட பொருளுக்கும் காலராவுக்கும் நேரடித் தொடர்பு ஏதுமில்லை. நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது எவ்வாறு என்பதைக் கேமரானோடு சேர்ந்து ஆராய்ந்தார். ஆயினும், இரத்தக் குழாயிலும் திசுவிலும் இருக்க வேண்டிய நீர் இருக்கக் கூடாத இடத்துக்கு ஏன் பாய்கிறது என்று கேட்கும் பழக்கத்தை அவர் அங்கிருந்தே கொண்டுவந்தார் என்று நான் கருதுகிறேன். கிருமியியலாளர்கள் கிருமியையே பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் அவர் குடற்சுவரைப் பார்த்தார்.

நாடு திரும்பியவர் எதிரிலேயே காலரா இருந்தது. கல்கத்தா அந்நோயின் நிரந்தர இருப்பிடம். மருத்துவமனைப் படுக்கைகள் ஆண்டுதோறும் நிரம்பும் நகரம். காலராவால் இறந்தவர்களின் சிறுநீரகங்களில் நேரும் மாற்றங்களை முதலில் ஆராய்ந்தார். பிறகு கவனம் குடலுக்குத் திரும்பியது.

1953இல் அவரும் சாட்டர்ஜி என்ற உடனாய்வாளரும் வெளியிட்ட சோதனை, சமையலறையில் விளக்கிச் சொல்லிவிடக்கூடிய அளவுக்கு எளிமையானது. முயலுக்கு மயக்கம் கொடுத்து வயிற்றைத் திறந்து, சிறுகுடலில் சில அங்குல நீளத்தை இருபுறமும் நூலால் கட்டி, மூடிய பை போலாக்கினார்கள். அதனுள் காலராக் கிருமியின் வளர்ப்பைச் செலுத்தி, குடலை உள்ளே வைத்துத் தைத்தார்கள். மறுநாள் திறந்து பார்த்தால் அந்தத் துண்டு மட்டும் நீர் கோத்துப் புடைத்திருந்தது. கிருமியில்லாத நீர்மம் செலுத்திய துண்டோ சுருங்கிக் கிடந்தது. விலை மிகுந்த கருவி ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. முயல், நூல், கத்தி, நிதானமான கை ஆகியவை போதும். 1915இலேயே பிரெஞ்சு ஆய்வாளர்கள் இதையொத்த முயற்சி ஒன்றைச் செய்திருந்தனர், அது மறக்கப்பட்டுவிட்டது. சம்புநாத்தின் கையில்தான் அது மற்றவர்களும் நம்பிப் பின்பற்றத்தக்க முறையாக நிலைபெற்றது.

அதே முறையை 1956இல் ஈ.கோலை பாக்டீரியாவிலும் பயன்படுத்தினார். வயிற்றுப்போக்கு நோயாளிகளிடமிருந்து எடுத்த ஈ.கோலை வகைகளில் சில, முயல் குடலில் காலராவைப் போலவே நீரைச் சேர்த்தன. குடலில் சாதுவாக வாழ்வதாக எண்ணப்பட்ட ஒரு கிருமியின் சில இனங்கள் நஞ்சும் சுரக்கும் என்பதற்கான முதற்குறிப்பு அது. குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்கு இத்தகைய ஈ.கோலை ஒரு முக்கியக் காரணம் என்பதை உலகம் உறுதிசெய்ய மேலும் பல ஆண்டுகள் ஆயின. காலரா நச்சின் புகழ் இந்தக் கண்டுபிடிப்பை மறைத்துவிட்டது. எனக்கு இரண்டும் ஒரே எடை.

மூன்றாண்டுக்குப் பின் வந்ததுதான் ‘நேச்சர்’ கட்டுரை. அதே 1959இல் பம்பாயின் ஹாஃப்கின் நிறுவனத்தில் தத்தாவும் உடனாய்வாளர்களும், குட்டி முயல்களைக் கொண்டு காலரா நச்சு இருப்பதற்கான சான்றை வேறு வழியில் கண்டனர். ஒரே ஆண்டில், ஒரே நாட்டின் இரு நகரங்களில் இது நடந்தது என்பதை நம் பாடநூல்கள் சொல்லுவதில்லை.

அந்த நச்சை 1969இல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் ரிச்சர்ட் ஃபின்கல்ஸ்டைனும் ஜோசப் லோஸ்பலூட்டோவும் தூய நிலையில் பிரித்தெடுத்தனர். பின்னர் தெரியவந்த அதன் அமைப்பு, இயற்கையின் வியப்புகளில் ஒன்று. அது தனியொரு புரதம் அன்று. ஆறு புரதங்களின் கூட்டு. 103 அமினோ அமிலங்கள் கொண்ட சிறு புரதங்கள் ஐந்து, ஐந்திதழ்ப் பூவைப் போல வட்டமாக நிற்கின்றன. ஆறாவதான நச்சுப் புரதம் அந்த வட்டத்தின் மேல் அமர்ந்து, தன் வாலை நடுத்துளைக்குள் நுழைத்திருக்கிறது. இவற்றைக் கிருமி தனித்தனியாகவே உருவாக்கி, தன் இரு சவ்வுகளுக்கும் இடைப்பட்ட குறுகிய வெளிக்குள் அனுப்புகிறது. அங்கே அவை மடிந்து, ஒன்றையொன்று கண்டு, தாமாகவே கூடியமைகின்றன. எந்த இதழ் எங்கே நிற்க வேண்டும் என்ற திட்டம் அவற்றின் வடிவத்திலேயே அடங்கியிருக்கிறது. முழுமையடைந்த பின்னரே நச்சு வெளியே விடப்படுகிறது.

ஐந்து இதழ்களும் குடற்செல்லின் மேற்பரப்பிலுள்ள ஜிஎம்1 என்ற கொழுப்பு மூலக்கூறுகளைப் பற்றிக்கொள்கின்றன. ஒரு கை நழுவினாலும் மற்றவை விடா. நச்சு செல்லுக்குள் இழுக்கப்பட்டதும் ஆறாவது புரதத்தின் ஒரு துண்டு பிரிந்து, செல்லின் சமிக்ஞைப் புரதம் ஒன்றை வேதியியல் முறையில் மாற்றி, அணைக்க முடியாத விளக்காக்கிவிடுகிறது. அதன் விளைவாகச் செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற சிறு மூலக்கூறு பெருகுகிறது. குளோரைடு வாயில்கள் திறந்துகொள்ள, குளோரைடின் பின்னால் சோடியமும் அவற்றின் பின்னால் நீரும் குடலுக்குள் கொட்டுகின்றன. இத்தனைக்கும் கிருமி செல்லுக்குள் நுழைவதில்லை, செல்லும் சாவதில்லை. நன்றாக இயங்கும் செல்லைத் தன் உடலின் நீரைத் தானே இறைக்க வைப்பதே காலரா.

செல் உயிரோடிருக்கிறது என்பதில்தான் நோயாளியின் உயிரும் இருக்கிறது. காலராவில் குடலின் உட்படலமே உரிந்துபோகிறது என்று பத்தொன்பதாம் நூற்றாண்டு மருத்துவம் நம்பியது. அது உண்மையானால் வாய்வழி கொடுப்பதை உறிஞ்ச அங்கே ஒன்றும் இராது. படலம் குலையவில்லை, குளுக்கோஸோடு சேர்த்துச் சோடியத்தை உறிஞ்சும் வழியும் அடைபடவில்லை. உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் அந்த வழியே உள்ளே போகும். 1971இல் வங்கதேச அகதிகள் குவிந்த போங்காவ் முகாமில், சிரைவழி மருந்து தீர்ந்துபோன நிலையில், திலீப் மகலனாபிஸ் இந்தக் கரைசலைக் குவளை குவளையாகக் குடிக்கக் கொடுத்தார். சுமார் 30 விழுக்காடாக இருந்த இறப்பு 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. அந்தக் கரைசலைக் கண்டறிந்தவர் சம்புநாத் அல்லர். அதற்கு உடலியங்கியலாளர்கள் பலர் உழைத்தனர். எனினும், காலரா அழிவு நோய் அன்று, சுரப்பு நோய் என்று மருத்துவம் தன் பார்வையை மாற்றிக்கொண்டதில் அவருடைய முயல்களுக்கும் பங்குண்டு. மகலனாபிஸுக்குப் பத்ம விபூஷண் 2023இல் அறிவிக்கப்பட்டது. அவர் அதற்கு முந்தைய ஆண்டே காலமாகியிருந்தார்.

சம்புநாத்துக்கு அதுவும் இல்லை. இந்தியாவின் அறிவியல் கழகங்களுள் ஒன்றுகூட அவரைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கவில்லை. தேசிய விருது எதுவும் வரவில்லை. அவருக்கு நோபல் பரிசு மறுக்கப்பட்டதாகப் பலர் வருந்தி எழுதுகிறார்கள். அந்தப் புலம்பலில் சேர எனக்கு விருப்பமில்லை. காலரா நச்சுக்காக நோபல் பரிசு எவருக்குமே வழங்கப்படவில்லை. அந்த நச்சைக் கருவியாகப் பயன்படுத்தி வளர்ந்த ஜி-புரத ஆய்வுக்கு 1994இல் பரிசு கிடைத்தது. அப்போது சம்புநாத் உயிரோடு இல்லை. ஸ்டாக்ஹோம் எதைக் கவனிக்கும், எதை விடும் என்பது நம் கையில் இல்லை. கல்கத்தாவில் நடந்ததை டெல்லியும் பெங்களூரும் கவனிக்காமல் இருந்ததற்கு என்ன காரணம் சொல்வது? மருத்துவக் கல்லூரி ஆசிரியர் என்றால் வகுப்பெடுப்பவர், பிணக்கூறாய்வு செய்பவர் என்று முடித்துவிடும் வழக்கம் நம்மிடம் இருந்தது. அது இன்று அடியோடு போய்விட்டது என்று என்னால் சொல்ல இயலாது.

நச்சைத் தூய்மையாகப் பிரிப்பதே அடுத்த படி என்பது அவருக்குத் தெரிந்தே இருந்தது. அதற்கு வேண்டிய உயிர்வேதியியல் வசதி அவர் கூடத்தில் இல்லை. அறுபதுகளின் தொடக்கத்திலேயே அவருடைய காலரா ஆய்வு தேய்ந்து நின்றது. 1961இல் இந்தோனேசியாவில் கிளம்பிய ஏழாவது காலராப் பெருந்தொற்று உலகைச் சுற்றத் தொடங்கிய வேளை அது. அந்தப் பெருந்தொற்று இன்றும் ஓயவில்லை; ஆண்டுக்கு 13 இலட்சம் முதல் 40 இலட்சம் பேர் வரை தாக்கப்படுவதாக உலக சுகாதார அமைப்பு காட்டும் மதிப்பீடு கூறுகிறது. மேல்நாட்டு ஆய்வுக்கூடங்கள் அவருடைய குடற்கட்டு முறையை எடுத்துக்கொண்டு விரைந்தன. அவரோ 1973இல் ஓய்வுபெற்றார்.

1978இல் காலரா குறித்து நோபல் அறக்கட்டளை நடத்திய கருத்தரங்குக்கு அவரை அழைத்தார்கள். தாம் அறுபதுகளின் தொடக்கத்திலேயே இறந்துவிட்டவர் என்றும், இந்த அழைப்பே தம்மைக் குழியிலிருந்து தோண்டியெடுத்தது என்றும் அவர் அங்கே குறிப்பிட்டார். கசப்பா, நகைச்சுவையா என்று பிரித்தறிவது கடினம். இரண்டும் கலந்ததாகவே நான் கொள்கிறேன்.

1985 ஏப்ரலில் அவர் காலமானார். பிற்காலத்தில் சுவீடனில் உருவான வாய்வழிக் காலராத் தடுப்பு மருந்தில், கொல்லப்பட்ட கிருமிகளோடு அந்த ஐந்திதழ்ப் புரதமும் சேர்க்கப்பட்டது. ஆறாவது இல்லாமல் அதனால் தீங்கு விளைவிக்க முடியாது, உடலைப் பழக்க மட்டும் முடியும். 1990இல் பெங்களூரிலிருந்து வெளிவரும் ‘கரன்ட் சயின்ஸ்’ இதழ் சம்புநாத்துக்கென ஒரு சிறப்பிதழ் கொண்டுவந்தது. அதில் எழுதியவர்களுள் பாக்டீரியா மரபியலுக்காக 1958இல் நோபல் பரிசு பெற்ற ஜோஷுவா லெடர்பெர்க்கும் ஒருவர். அவர் சம்புநாத்தை அப்பரிசுக்கு ஒருமுறைக்கு மேல் பரிந்துரைத்திருந்தார்.