தொட்டிலும் தொழிற்சாலையும்

ஒரு நாடு தேய்வதற்குப் போர் வேண்டும், பஞ்சம் வேண்டும், கொள்ளைநோய் வேண்டும் என்றுதான் எண்ணிக்கொண்டிருக்கிறோம். இவை எதுவுமே இல்லாமல், வேட்டுச் சத்தம் கேளாமல், வீதியிலே பிணம் விழாமல், ஒரு நாடு தேய முடியும். தொட்டில் கட்டும் வீடுகள் குறைய வேண்டும். தடி ஊன்றி நடப்போர் தொகை வளர வேண்டும் — அவ்வளவுதான்! ஓசையின்றி வரும் அந்தத் தேய்வு, ஒரு தலைமுறை கழித்துத்தான் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். தெரியும்போது காலம் கடந்திருக்கும்.

ஸ்வீடன் நாட்டுக்கு அந்த நிலை வந்தது. 1850க்கும் 1930க்கும் இடையே பத்து லட்சம் பேருக்கு மேல் பிழைப்புத் தேடிக் கப்பலேறி அமெரிக்கா போய்விட்டனர். எஞ்சியிருந்தவர்கள் சுமார் 60 லட்சம். 1870ஐ அடுத்த ஆண்டுகளில் ஆயிரம் பேருக்கு ஆண்டுதோறும் சுமார் 30 குழந்தைகள் பிறந்த நாட்டில், 1934ல் 14 கூடப் பிறக்கவில்லை. இப்படியே போனால் நாடு முதியோர் விடுதியாகிவிடும் என்று புள்ளிவிவரம் அறிந்தோர் அஞ்சினர்.

குழந்தை குறைந்தால் என்ன? வாய் குறையும், சோறு மிஞ்சும், கூலி உயரும், வீடு தாராளமாகக் கிடைக்கும் என்று கணக்குப் போட்டவர்களும் இருந்தனர். தொழிலாளர் இயக்கத்திலேகூட இருந்தனர். பிள்ளைகளைப் பெருக்கு என்று உபதேசிக்கும் சீமான், மலிவான கூலிக்கும் போர்க்களப் பலிக்கும் அல்லவா ஆள் தேடுகிறான் என்று அவர்கள் ஐயுற்றனர். காரணமில்லாத ஐயமல்ல அது. ஆனால் கணக்கில் பாதிதான் சரி!

பிறக்காத குழந்தை சோறு கேட்காது. மெய்தான். ஆனால் செருப்பும் கேட்காது, சட்டையும் கேட்காது, பள்ளியிலே பலகையும் கேட்காது. இருபது ஆண்டு கழித்துக் குடியிருக்க வீடும் கேட்காது. கேட்பார் இல்லாதபோது செருப்புத் தைப்பவனுக்கு வேலை ஏது? செங்கல் சூளையிலே புகை ஏது? மக்கள் பெருகும் நாட்டிலே, முதலாளி கணக்குத் தவறி ஓர் ஆலையை அதிகமாகக் கட்டிவிட்டாலும், வளர்ந்து வரும் மக்கள் தொகை அந்தத் தவற்றை மூடிவிடும். தேயும் நாட்டிலே அது மூடாது. ஆகவே அவன் முதல் போட அஞ்சுவான். அவன் பெட்டியிலே பணம் முடங்கினால், தொழிலாளி வீட்டிலே அடுப்பு முடங்கும்.

முதியோரோ பெருகுவர். 1913லேயே, பணக்காரர் ஏழை என்ற பேதமின்றி எல்லோருக்குமான முதியோர் ஓய்வூதியச் சட்டத்தை இயற்றிய நாடு ஸ்வீடன். அந்த ஊதியம் வானத்திலிருந்து விழுவதல்ல. இன்று உழைப்பவன் கையிலிருந்துதான் இன்று ஓய்ந்தவன் கைக்குப் போகவேண்டும். உழைக்கும் கைகள் குறைந்து, ஓய்ந்த கைகள் நீண்டால், தாங்குவது யார்?

கேள்வி எழுந்தது. எழுந்ததும், பழி யார் தலையில் விழுந்தது? வழக்கம்போல், பெண் தலையில்! படித்துவிட்டாள், பணிக்குப் போகிறாள், அதனால்தான் பிள்ளை பெற மறுக்கிறாள் என்றனர் பழமை விரும்பிகள். மணமானவளை உத்தியோகத்திலிருந்து விலக்கு என்ற முறையீடுகள் ஸ்வீடன் பாராளுமன்றத்தில் மீண்டும் மீண்டும் கொண்டுவரப்பட்டன. ஐரோப்பாவிலே மற்ற இடங்களிலும் இதே பாட்டுத்தான். பிரான்சு 1920ல், கருத்தடைப் பிரசாரத்தையே குற்றமாக்கிற்று. இத்தாலியிலே முசோலினி 1927ல், மணமாகாத ஆடவர்மீது வரி போட்டான். ஜெர்மனியிலே ஹிட்லர் ஆட்சி 1933ல், புதுமணத் தம்பதிகளுக்குக் கடன் தந்தது. மணமகள் வேலையை விட்டுவிட வேண்டும் என்பது நிபந்தனை. பிள்ளை பிறக்கப் பிறக்கக் கடனில் கால் பங்கு தள்ளுபடி. தாய்மையைத் தவணை முறையில் வாங்கிய வியாபாரம் அது!

இந்த நேரத்திலேதான் ஒரு பெண்மணி எழுந்து, வழக்கையே திருப்பிப் போட்டார். அவர்தான் ஆல்வா மிர்தால்.

1902 ஜனவரி 31ஆம் நாள் உப்சாலா நகரில் பிறந்தவர் ஆல்வா. தந்தை ஆல்பர்ட் ரைமர், சமூக ஜனநாயகக் கட்சியில் பற்றுள்ளவர். ஐந்து பிள்ளைகளில் மூத்தவள் ஆல்வா. படிப்பிலே தீராத தாகம். ஆனால் அவர் வளர்ந்த எஸ்கில்ஸ்டூனாவில் பல்கலைக்கழகத்துக்கு வழிகாட்டும் உயர்பள்ளியின் கதவு ஆண்பிள்ளைகளுக்குத்தான் திறக்கும். பெண்ணுக்கு எதற்குப் படிப்பு என்ற கேள்வி கிழக்கிலே மட்டும் கேட்கப்பட்டதல்ல! சிறுமி அலுவலகத்தில் வேலைக்குப் போனார். பிறகு தந்தை முதலானோர் முயற்சியால் பெண்களுக்கென்று தனி வகுப்பு ஏற்பட்டது. அதிலே படித்துத் தேறி, 1924ல் ஸ்டாக்ஹோமில் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் குன்னார் மிர்தாலை மணந்தார். பின்னாளில் 1974ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற அதே குன்னார்தான்.

1934 நவம்பரில் கணவனும் மனைவியும் சேர்ந்து எழுதிய நூல் ஒன்று வெளிவந்தது. மக்கள்தொகைப் பிரச்சினையில் நெருக்கடி என்பது அதன் பெயர். அடுத்த மாதமே அவர்களுக்கு மகள் பிறந்தாள். தாய்மை பற்றி எழுதியவர், தாய்மையை அனுபவித்துக்கொண்டே எழுதினார் என்பது பொருள்.

என்ன சொல்லிற்று நூல்? பெண்ணைக் குறை கூறாதீர். பொருளாதாரத்தைப் பாரும் என்றது. பழங்காலத்து உழவன் வீட்டில் பிள்ளை செல்வம். ஏழு வயதில் மாடு மேய்க்கும், பத்து வயதில் களை பறிக்கும், பெற்றோர் தளர்ந்தால் சோறு போடும். நகரத்துத் தொழிலாளி வீட்டிலோ பிள்ளை செலவு. பதினைந்து ஆண்டுகள் படிக்க வேண்டும். அதற்கொரு அறை வேண்டும், பால் வேண்டும், மருந்து வேண்டும். வளர்ந்த பிறகு அந்தப் பிள்ளை உழைப்பதன் பலனோ பெற்றோருக்கு மட்டும் போவதில்லை. ஆலைக்குப் போகிறது, வரியாக அரசாங்கத்துக்குப் போகிறது, ஓய்வூதியமாகப் பிள்ளையே பெறாதவனுக்கும் போகிறது. பலன் ஊருக்கெல்லாம், சுமை ஒரு வீட்டுக்கு! நான்கு பிள்ளை பெற்றவன் இரண்டு அறையில் நெருக்குண்டு கிடக்கிறான்; பிள்ளையில்லாதவன் அதே கூலியில் வசதியாக வாழ்கிறான். இந்த அநீதி இருக்கும்வரை எந்த உபதேசமும் தொட்டிலை ஆட்டாது. பிள்ளை வளர்க்கும் செலவைச் சமூகம் முழுதும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பதுதான் வாதத்தின் உயிர்நிலை.

கூடவே இன்னொன்றும் வற்புறுத்தினர். வேண்டிப் பெறும் பிள்ளையே நாட்டுக்குத் தேவை. வேண்டாமல் வந்து விழும் பிள்ளை அல்ல. ஆகவே கருத்தடை பற்றிய அறிவு எல்லோருக்கும் கிடைக்க வேண்டும். மக்கள் தொகை குறைகிறதே என்று கவலைப்படுகிறவரே கருத்தடைக்கு வாதாடுவதா என்று வைதீகர்கள் வாய் பிளந்தனர். ஆல்வா அசையவில்லை.

ஊரெல்லாம் இதே பேச்சாயிற்று. அகலமான சோபாவுக்கு மிர்தால் சோபா என்று பெயர் வைத்தனர். பிள்ளை பெறுவதையே மிர்தால் பெயரால் குறிக்கும் சொல் ஒன்று கேலியாகப் பிறந்தது! சிரித்தவர்கள் சிரிக்கட்டும். 1932 முதல் பதவியிலிருந்த சமூக ஜனநாயகக் கட்சி சிரிக்கவில்லை. 1935ல் மக்கள் தொகைக் கமிஷன் அமைத்தது. குன்னார் அதில் உறுப்பினர். மணமான பெண்ணின் வேலை உரிமையை ஆராயத் தனிக் குழு ஒன்றும் ஏற்பட்டது, தலைவி, பாராளுமன்றத்து முதல் பெண் உறுப்பினர்களில் ஒருவரான கெர்ஸ்டின் ஹெஸ்ஸல்கிரேன், செயலாளர், ஆல்வா.

வழக்கு திரும்பியது அங்கேதான். மணமானவளுக்கு வேலை பார்க்க உரிமை உண்டா என்று கேட்டுக்கொண்டிருந்தது நாடு. கேள்வியே பிழை என்றார் ஆல்வா. வேலை பார்க்கும் பெண்ணுக்கு மணம் புரிந்து பிள்ளை பெற உரிமை உண்டா என்றல்லவா கேட்க வேண்டும்! மணந்தால் வேலை போகும், கருவுற்றால் வேலை போகும் என்றால், அவள் மணத்தைத் தள்ளிப்போடுவாள், கருவைத் தவிர்ப்பாள். பெண்ணை வேலையிலிருந்து விரட்டினால் பிள்ளை பெருகும் என்பவன், உண்மையில் பிள்ளையைத்தான் விரட்டுகிறான். தெளிவான இந்த வாதத்துக்கு முன் பழமை வாயடைத்து நின்றது.

சட்டங்கள் வரிசையாக வந்தன. தாய்மாரில் மிகப் பெரும்பாலோருக்குப் பிரசவ உதவிப் பணம். 1938ல், கருத்தடைப் பிரசாரத்துக்கு 1910 முதல் இருந்த தடை நீங்கிற்று. 1939ல், மணம் காரணமாகவோ மகப்பேறு காரணமாகவோ பெண்ணை வேலையிலிருந்து நீக்கலாகாது என்று சட்டம் பிறந்தது. முறையீடு கொண்டுவந்தவர்கள் கேட்டதற்கு நேர் எதிர்! 1948 முதல் ஒவ்வொரு குழந்தைக்கும் ஆண்டுக்கு 260 குரோனர் உதவித்தொகை; ஏழை, பணக்காரர் என்று பாராமல், தாயின் கையில்.

ஆல்வா ஏட்டோடு நின்றவரல்ல. 1935ல் ஸ்டாக்ஹோமில், கட்டடக் கலைஞர் ஸ்வென் மார்க்கேலியுசுடன் திட்டமிட்டு, கூட்டு வீடு ஒன்று எழுந்தது. எல்லாக் குடும்பத்துக்கும் ஒரே சமையற்கூடம், மாடிக்கு உணவைத் தூக்கிச் செல்லும் சிறு மின்தூக்கி, குழந்தைகளுக்கு அதே கட்டடத்தில் காப்பகம். 1936ல், குழந்தைக் காப்பக ஆசிரியைகளுக்குப் பயிற்சிப் பள்ளி தொடங்கித் தாமே நடத்தினார்.

புகழ் மட்டும் பாடினால் வரலாறாகாது. அதே நூலிலே கறையும் உண்டு. தகுதியற்றோர் என்று சிலரைப் பிரித்து, அவர்களுக்குக் கருத்தடை அறுவை செய்யலாம் என்ற அக்காலத்துக் கொடிய கருத்தை மிர்தால் தம்பதிகளும் ஏற்றனர். 1934லும் 1941லும் இயற்றப்பட்ட சட்டங்களின் கீழ், 1975 வரை, அறுபதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் அறுவைக்கு ஆளாயினர், பெரும்பாலோர் பெண்கள், பலர் வற்புறுத்தப்பட்டவர்கள். 1999ல்தான் ஸ்வீடன் பாராளுமன்றம் இழப்பீடு தர முன்வந்தது. மனிதரைத் தலைக்கணக்காகப் பார்க்கத் தொடங்கினால், நல்லவர் கையிலும் கத்தி ஏறிவிடும் என்பதற்கு இது எச்சரிக்கை.

சொந்த வாழ்விலும் முள் இருந்தது. இரண்டு பொறுப்புகளுக்கிடையே நசுங்கும் பெண்ணுக்காக வாதாடியவர், தாமே நசுங்கினார். கணவரின் பணிக்காகக் கண்டம் விட்டுக் கண்டம் போனார். மூத்த மகன் யான், தாயின் அன்பு தமக்குக் கிட்டவில்லை என்ற மனக்குறையை 1982ல் நூலாகவே எழுதினார்.

1949ல் ஐக்கிய நாடுகள் சபையின் சமூகத் துறைக்குத் தலைமை ஏற்றார் ஆல்வா. பின்னர் யுனெஸ்கோவில் பணி. 1955ல் டெல்லி வந்தார், ஸ்வீடன் நாட்டுத் தூதராக. 1961 வரை இருந்தார். பிள்ளை குறைகிறதே என்று கவலைப்பட்ட நாட்டின் தூதர், பிள்ளை பெருகுகிறதே என்று 1952ல் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கிய நாட்டில்! ஸ்வீடன் 1958ல் இலங்கையின் குடும்பக் கட்டுப்பாட்டு முயற்சிக்கு உதவவும் முன்வந்தது. முரண்பாடா? அல்ல. வேண்டியபோது பெறவும், வேண்டாதபோது தவிர்க்கவும் உரிமை என்பது ஒரே கொள்கையின் இரு பக்கங்கள்.

1956ல் வயோலா கிளைன் என்பவருடன் சேர்ந்து, பெண்ணின் இரு பொறுப்புகள் பற்றி நூல் எழுதினார். ஆயுள் நீண்டுவிட்டது, பிள்ளை வளர்ப்பது வாழ்வின் ஒரு பகுதிதான், மீதிக் காலத்துத் திறமையை நாடு வீணாக்கலாமா என்பது அதன் கேள்வி. பின்னர் ஜெனீவாவில் ஆயுதக் குறைப்புக்காகப் பத்தாண்டுக்கு மேல் வாதாடினார். 1967 முதல் 1973 வரை அமைச்சர். 1982ல் மெக்சிகோவின் அல்போன்சோ கார்சியா ரோப்லசுடன் சமாதானத்துக்கான நோபல் பரிசு. 84 வயது நிறைந்த மறுநாள், 1986 பிப்ரவரி 1ஆம் நாள், மறைந்தார்.

அவர் விதைத்தது என்ன ஆயிற்று? 1974ல், தாய்க்கு மட்டுமல்ல, தந்தைக்கும் குழந்தை வளர்ப்பு விடுமுறைச் சம்பளம் தந்த முதல் நாடாயிற்று ஸ்வீடன். 1990ல் பெண் ஒருத்திக்கு இரண்டுக்கு மேல் என்று பிறப்பு உயர்ந்தது. தொகை தேயாதிருக்கத் தேவையான 2.1ஐயும் எட்டிற்று. வெளிநாட்டவரும் வந்து குடியேறினர். நாடு இன்று ஒரு கோடியைத் தாண்டிவிட்டது. ஆனால் 2023ல் பிறப்பு 1.45க்கு இறங்கிற்று. ஐந்தில் ஒருவர் 65 வயது கடந்தவர். ஆகவே, சட்டம் போட்டால் தொட்டில் ஆடிவிடும் என்று எவரும் மார்தட்ட முடியாது.

எனினும், பாரத்தைப் பகிர்ந்துகொள்ளாத நாடுகளைப் பாருங்கள். பணிமனையில் நெடுநேர உழைப்பு, வீட்டில் பெண்ணின் தோளில் முழுச் சுமை, படிப்புக்குக் கொள்ளைச் செலவு என்றிருக்கும் தென் கொரியாவில் 2023ல் அந்த எண் 0.72! அந்த நாட்டுப் பெண்களை யாரும் தடுக்கவில்லை. அவர்களே கணக்குப் பார்த்துவிட்டார்கள்.

அந்தக் கணக்கை மாற்றாமல் மனத்தை மாற்ற முடியாது. இதைத்தான் ஆல்வா 1934லேயே சொன்னார். நாட்டின் பொருளாதாரம் நாளை நிற்கப்போவது இன்றைய குழந்தையின் தோளில் என்றால், அந்தக் குழந்தையைச் சுமப்பவளின் தோளை நாடு இன்றே தாங்கவேண்டும். கட்டளையால் பிறப்பது அடிமைக் கூட்டம். நம்பிக்கையால் பிறப்பதுதான் மக்கள்.