நாடியறிந்த நல்ல மருத்துவர் சர் ஜேம்ஸ் மெக்கன்ஸி

கையைப் பிடித்து நாடி பார்ப்பதையே வைத்தியத்தின் முதற்படியாகக் கொண்டவர்கள் நம் முன்னோர். வாதம், பித்தம், சிலேட்டுமம் என்னும் மூன்றையும் விரல் நுனியால் உணர்ந்து நோயின் தன்மையைக் கூறிய சித்த வைத்தியர்கள் நம் ஊர்கள்தோறும் இருந்தனர். மேனாட்டு மருத்துவத்திலும் நாடியைக் கொண்டே இருதயத்தின் இயல்பை ஆராய்ந்து பெரும்புகழ் எய்திய ஒருவர் உண்டு. அவரே சர் ஜேம்ஸ் மெக்கன்ஸி. ஒழுங்கு தவறி ஓடும் நாடிகளுள் அஞ்சத்தக்கது எது, அஞ்ச வேண்டாதது எது என்று பிரித்துக் காட்டிய பெருமை அவரைச் சாரும்.

ஸ்காட்லாந்து நாட்டில், பெர்த் நகருக்கு அண்மையிலுள்ள ஸ்கோன் என்னும் ஊர்ப்புறத்தில், 1853-ஆம் ஆண்டு ஏப்ரல் 12-ஆம் நாள் உழவர் குடியொன்றில் மெக்கன்ஸி பிறந்தார். மனப்பாடமே கல்வியாக விளங்கிய அக்காலப் பள்ளி அவருக்கு ஒத்துவரவில்லை. 15-ஆம் வயதிலேயே பள்ளியை விட்டு, பெர்த் நகரில் ஒரு மருந்துக் கடையில் தொழில் பயிலச் சேர்ந்தார். மருந்து கலந்து கொடுப்பதோடு அவர் மனம் அமையவில்லை. 1874-இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1878-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். மறு ஆண்டு இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியிலுள்ள பர்ன்லி நகரை அடைந்து வைத்தியத் தொழிலைத் தொடங்கினார்.

பர்ன்லி நெசவாலைகளும் நிலக்கரிச் சுரங்கங்களும் சூழ்ந்த ஊர். பகலெல்லாம் நோயாளிகளைக் காண்பதும், இரவில் பிரசவம் பார்க்க விரைவதுமாக மெக்கன்ஸியின் நாட்கள் கழிந்தன. அங்ஙனம் ஒரு நாள், இருதய நோயுற்றிருந்த இளம்பெண்ணொருத்தி பிரசவ வேதனையிலேயே அவர் கண்ணெதிரே உயிர் நீத்தாள். அவளுக்கு நேரவிருந்த ஆபத்தை முன்னரே அறிந்திருக்கக் கூடாதா என்னும் கேள்வி அவர் உள்ளத்தைத் துளைத்தது. விடை தேடி நூல்களைப் புரட்டினார். இருதயக் குறைகளைப் பற்றி நூல்கள் விரிவாகப் பேசின. ஆனால் அக்குறையுடையவர் ஐந்து ஆண்டுகளுக்குப் பின், பத்து ஆண்டுகளுக்குப் பின் என்ன ஆவார் என்பதை எந்நூலும் கூறவில்லை. அதைத் தாமே கண்டறிவது என்று மெக்கன்ஸி உறுதி பூண்டார்.

இவ்வாராய்ச்சிக்கு அவரிடம் பெரிய ஆய்வுக்கூடம் இல்லை. ஊர் மக்களே இருந்தனர். ஒரே குடும்பத்தை ஆண்டுக்கணக்கில் கவனிக்கும் வாய்ப்பு, பெரிய ஆஸ்பத்திரி நிபுணருக்குக் கிட்டாதது. சிற்றூர் வைத்தியருக்கே உரியது. கைநாடியின் அசைவையும் கழுத்துச் சிரையின் அசைவையும் ஒருங்கே கோடுகளாக வரைந்து காட்டும் பாலிகிராப் என்னும் கருவியை அவர் அமைத்தார். பிற்காலத்தில் ஷா என்னும் கடிகாரத் தொழிலாளரின் துணையோடு, நீண்ட காகிதச் சுருளில் மையால் வரையுமாறு அதனைச் செம்மைப்படுத்தினார். கைநாடி இருதயத்தின் கீழறையினது துடிப்பைக் காட்டும். கழுத்துச் சிரையோ மேலறையினது சுருக்கத்தையும் காட்டும். இரண்டையும் ஒப்பிட்டதனால், விரலுக்கு எட்டாத உண்மைகள் புலப்பட்டன.

மூச்சை இழுக்கும்போது விரைந்தும் விடும்போது தணிந்தும் ஓடும் நாடி இளையோரிடத்தில் இயல்பானது என்று கண்டார். இடையில் ஒரு துடிப்பு முந்தி வந்து, பின் சற்றே நின்று ஓடும் நாடி பெரும்பாலும் தீங்கற்றது என்றும் கண்டார். இவ்விரண்டையும் கொடிய நோயெனக் கருதி, நல்ல உடல்நிலையுடைய பலரை வைத்தியர்கள் படுக்கையில் கிடத்தி வைத்திருந்த காலம் அது. அவர்களை எழுந்து நடமாடச் செய்தது மெக்கன்ஸியின் பெருந்தொண்டு.

மூன்றாவது வகையே உண்மையில் கவனிக்கத்தக்கது. வால்வு சுருங்கிய ஒரு பெண்மணியை அவர் 1880 முதல் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து வந்தார். ஒரு கட்டத்தில் அவருடைய நாடி எவ்வித ஒழுங்குமின்றி ஓடத் தொடங்கிற்று. அதே வேளையில் கழுத்துச் சிரையில் மேலறைக்குரிய அலை அடியோடு மறைந்து போயிற்று. மேலறை செயலிழந்துவிட்டது என மெக்கன்ஸி முதலில் எண்ணினார். அது செயலிழக்கவில்லை, சுருங்கி விரியாமல் ஓயாது நடுங்கிக்கொண்டிருக்கிறது என்பதை, அவரைப் பின்பற்றி ஆராய்ந்த தாமஸ் லூயிஸ் 1909-இல் மின்கருவியின் வாயிலாக மெய்ப்பித்தார். இன்று ஏட்ரியல் பிப்ரிலேஷன் எனப்படுவது இதுவே.

இந்நோய்க்கு மருந்து முன்னரே இருந்தது. பாக்ஸ்குளோவ் என்னும் செடியின் இலை, உடலில் நீர் கோத்து வீங்கும் நோயைத் தணிக்கும் என்று வில்லியம் விதரிங் என்னும் ஆங்கில மருத்துவர் 1785-இலேயே நூல் எழுதியிருந்தார். அவ்விலையிலிருந்து கிடைக்கும் டிஜிட்டாலிஸ் சிலருக்கு அமுதமாயிற்று. சிலருக்குப் பயனற்றுப் போயிற்று. அளவு மீறினால் நஞ்சாயிற்று. நாடி இவ்வாறு முற்றிலும் ஒழுங்கிழந்து விரைந்தோடுவோர்க்கே அது சிறந்த பயன் தருகிறது என்பதை மெக்கன்ஸி தெளிவுபடுத்தினார். மேலறையின் நடுக்கத்தை அம்மருந்து நிறுத்துவதில்லை. அந்நடுக்கம் முழுவதும் கீழறையை எட்டாமல் தடுத்து, கீழறை நிதானமாக நிரம்பித் துடிக்க வழி செய்கிறது. நாடி தணியும் வரையிலோ குமட்டல் தோன்றும் வரையிலோ கொடுத்து, பின்னர் நிறுத்தி, குறைந்த அளவில் தொடர்வது அவர் கையாண்ட முறை.

1902-இல் நாடியைப் பற்றிய அவரது நூல் வெளிவந்தது. 1907-இல் லண்டன் சென்றார். 1908-இல் வெளியான இருதய நோய் நூல் அவர் புகழை எங்கும் பரப்பியது. 1915-இல் சர் பட்டம் கிடைத்தது. முதல் உலகப் போரில் இருதயக் கோளாறு என்று ஒதுக்கப்பட்ட போர்வீரர் பலர் உண்மையில் வால்வு நோயற்றவர் என்று தெளியவும் அவரது அறிவு பயன்பட்டது. செல்வமும் செல்வாக்கும் உச்சியிலிருந்தபோதே லண்டனைத் துறந்து, ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் 1919-இல் ஓர் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவினார். நோய் முற்றிய பின் காண்பதைவிட, அரும்பும்போதே அறிய வேண்டும் என்பது அதன் நோக்கம். ஊர் வைத்தியர்களே அங்கு ஆராய்ச்சியாளராயினர்.

பிறர் இருதயத்தை ஆராய்ந்தவரின் இருதயமே நோயுற்றிருந்தது. நடுவயதிலேயே தொடங்கிய மார்வலியை அவர் அச்சமின்றிக் குறித்து வந்தார். 1923-இல் வெளியிட்ட நூலில் அதனையும் ஒரு நோயாளியின் வரலாறாகவே சேர்த்தார். 1925-ஆம் ஆண்டு ஜனவரி 26-ஆம் நாள் லண்டனில் காலமானார். அவர் விருப்பப்படியே நண்பர்கள் அவரது இருதயத்தை ஆராய்ந்தனர். அது செயின்ட் ஆண்ட்ரூஸுக்கு அனுப்பப்பட்டது.

இன்று இ.சி.ஜி. கருவி ஊர்தோறும் உண்டு. மேலறை நடுக்கத்தால் இரத்தம் உறைந்து மூளைக்குச் சென்று பக்கவாதம் வரலாம் என்பதும், அதனைத் தடுக்கும் மருந்துகளும் அவர் காலத்திற்குப் பின் அறியப்பட்டவை. டிஜிட்டாலிஸின் இடமும் சுருங்கிவிட்டது. ஆயினும் அவர் கற்பித்த அடிப்படை மாறவில்லை. நாடி தவறினால் நடுங்கி ஒடுங்குவதும் பிழை. பொருட்படுத்தாமல் விடுவதும் பிழை. எவ்வகைத் தவறு என்று தக்க மருத்துவரிடம் அறிந்து கொள்வதே முறை.

ஆண்டுகள் பல தொடர்ந்து பார்த்ததனாலேயே மெக்கன்ஸி உண்மையைக் கண்டார். உத்தியோகத்தின் பொருட்டு ஊர்விட்டு ஊர் மாறி வாழும் நமக்கு, ஒரே வைத்தியர் வாழ்நாள் முழுவதும் அமைவது அரிது. ஆதலின் பழைய இ.சி.ஜி. தாள்களையும் மருந்துச் சீட்டுகளையும் வீட்டிலுள்ள பெரியோர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே கோப்பிட்டுக் காத்து, புதிய ஊரின் மருத்துவரிடம் முதல் நாளே காட்டுதல் நலம். அந்தப் பர்ன்லி வைத்தியரின் வாழ்க்கை நம் இல்லங்களுக்குக் கூறும் பாடம் இதுவேயாகும்.