கடன் என்ற சொல்லும் பப்ரீஷியஸ் ஐயரும்

ஆங்கிலத்தில் 'டெப்ட்' என்ற சொல்லை நாம் அறிவோம். 'டியூட்டி' என்ற சொல்லை அதைவிட நன்றாக அறிவோம். 'டியூ' என்பது மாதந்தோறும் நம் வீட்டாரை நடுங்க வைக்கும் சொல். இம்மூன்றும் இலத்தீனில் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. பிறர்க்குத் தர வேண்டியிருத்தல் என்பதே அவ்வேரின் பொருள். முதற்சொல்லின் நடுவே ஒலிக்காமல் ஓர் எழுத்து நிற்கிறதே, அது இலத்தீன் மூலத்தை நினைவூட்டப் பண்டிதர்கள் பிற்காலத்தில் செருகியது. பள்ளியில் அதற்காக அடி வாங்கியவர்கள் இனியாவது ஆறுதல் கொள்ளலாம்!

என் ஊர் அம்பூரி. 1956-இல் மொழிவழி எல்லை வகுத்தபோது விளவங்கோடு தமிழகம் சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எங்கள் ஊரும் கேரளத்தில் நின்றது. எங்களிடையே வங்கியில் வாங்கினால் அது லோன். பலசரக்குக் கடையில் சொல்லி வாங்கினால் கடம். பஸ் கண்டக்டர் வேலைக்குப் போனால் டியூட்டி. கோயிலுக்கு நேர்ந்துகொண்டால் நேர்த்திக்கடன். ஆங்கிலம், மலையாளம், தமிழ் மூன்றும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசும். தமிழில் கடன் என்பது பணத்துக்கும் உரியது, கடமைக்கும் உரியது. புறநானூற்றில் பொன்முடியார் தாய்க்கும் தந்தைக்கும் கொல்லனுக்கும் வேந்தனுக்கும் உரிய கடமைகளை அடுக்குகிறாரே, அங்கே அவர் ஆளும் சொல் கடன்தான். காலைக்கடன், நன்றிக்கடன், இறுதிக்கடன் என்று நாம் சொல்லும்போதும் அங்கே வட்டியில்லை.

இச்சொல்லை நினைக்கும்போதெல்லாம் எனக்கு யோகான் பிலிப் பப்ரீஷியஸ் நினைவுக்கு வருகிறார். தமிழ்ச் சொற்களுக்கு ஆங்கிலத்தில் பொருள் எழுதி, 1779-இல் சென்னை வேப்பேரியில் அச்சிட்ட பெரியவர் அவர். அவர் ஆங்கிலேயர் அல்லர், ஜெர்மானியர். ஒரு ஜெர்மானியர் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் நடுவே நின்று, இரண்டும் தம் தாய்மொழி அல்லாத நிலையில், இது அதற்குச் சமம் என்று தீர்ப்புச் சொன்னார். இது எத்தனை பெரிய துணிவு!

அவர் 1711 ஜனவரி 22-இல் பிராங்பர்ட் நகருக்கு அருகிலுள்ள கிளேபெர்க்கில் பிறந்தார். முதலில் சட்டம் பயின்றார். பிறகு ஹாலே நகரில் சமயக் கல்வி கற்றார். 1740-இல் தரங்கம்பாடிக்கு வந்து, தமிழ் கற்று, 1742-இல் சென்னைக்குச் சென்றார். அதன்பின் அரை நூற்றாண்டு அவர் சென்னைப் பணியிலேயே இருந்தார். ஊர் திரும்பவில்லை, மணம் செய்துகொள்ளவுமில்லை.

அமைதியாக உட்கார்ந்து சொல் பொறுக்கும் காலமா அது? 1746-இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தனர். அவர் பழவேற்காட்டுக்கு ஒதுங்கினார். திரும்பி வந்து வேப்பேரியில் நிலைகொண்டார். 1758-இல் மீண்டும் போர், வேப்பேரி சூறையாடப்பட்டது. ஆனால் போர் அவருக்கு ஒன்றைக் கொடுத்தும் சென்றது. 1761-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைக் கைப்பற்றியபோது அங்கிருந்த அச்சுப்பொறியைச் சென்னைக்குக் கொண்டுவந்தனர். அதை இயக்கத் தெரிந்தவர்கள் வேப்பேரியில்தான் இருந்தார்கள். கம்பெனி அரசின் வேலையையும் அச்சிட்டுத் தர வேண்டும் என்ற உடன்பாட்டின்பேரில் பொறி ஐயரிடம் வந்தது. ஆக, சூறைப்பொருள் ஒன்று அகராதி பெற்றெடுத்தது.

அவருடைய அகராதியில் சுமார் 9,000 சொற்கள் இருந்தன. உடனுழைத்தவர் பிரைட்ஹாப்ட் என்ற தோழர். தலைப்பிலே மலபார் மொழி என்றிருக்கிறது. ஐரோப்பியர் அக்காலத்தில் தமிழை அப்படித்தான் அழைத்தார்கள். கேரளத்துக்குள் இருந்துகொண்டு தமிழ் பேசும் எனக்கு அந்தத் தலைப்பைக் காணும்போது சிரிப்பும் வரும், சற்றே ஏக்கமும் வரும். 1786-இல் ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழில் பொருள் கூறும் நூலும் வெளிவந்தது. இடையில் வேதாகமத்தை நல்ல தமிழில் பெயர்ப்பதற்கும் ஜெர்மன் ஞானப்பாட்டுகளைத் தமிழாக்குவதற்கும் ஆண்டுகள் பல செலவாயின. என் கருத்தில் அகராதியைவிட அப்பாட்டுகளே அவருடைய தமிழ்ச் செவிக்குச் சான்று. ஆனால் அது வேறு கட்டுரை.

இனிக் கடன். மக்கள் ஐயரை நம்பினார்கள். தங்கள் சேமிப்பை அவரிடம் ஒப்படைத்தார்கள். மிஷனுக்கு உரிய பணமும் அவர் கையில் இருந்தது. பெருகினால் ஏழைகளுக்கு உதவும் என்று எண்ணி, அவற்றை நாட்டுப் பிரபுக்களுக்கு வட்டிக்குக் கொடுத்தார். வாங்கியவர்கள் திருப்பித் தரவில்லை. கொடுத்தவர்கள் கேட்டார்கள். தமக்கென்று ஒரு காசு சேர்க்காத அந்த மனிதர், முதுமையில், கடனுக்காகச் சிறை சென்றார், ஒரு முறையல்ல. சட்டம் படித்தவருக்குப் பத்திரத்தின் வலிமை தெரியாமல் போயிற்றே என்று நாம் அங்கலாய்க்கலாம். சிலர் அவரை அப்பாவி என்று சொல்லி விட்டுவிடுவார்கள். என்னால் முழுதும் அப்படி விட முடியவில்லை. அந்தச் சேமிப்புகளை இழந்த எளியவர்கள் இருந்தார்களே! அவர்களுக்கு அவருடைய தூய உள்ளம் சோறாகவில்லை.

அவருடைய தாய்மொழியில் கடனுக்கு 'ஷுல்ட்' என்று பெயர். அதே சொல்லுக்குக் குற்றம் என்றும் பொருள் உண்டு. தமிழ்க் கடன் கடமையோடு உறவு கொண்டது. ஜெர்மன் கடன் குற்றத்தோடு உறவு கொண்டது. ஆங்கிலமோ டெப்ட், டியூட்டி, கில்ட் என்று மூன்றையும் மூன்று சொற்களில் பிரித்து வைத்திருக்கிறது. சிறையில் அவர் தம் நிலையை எந்த மொழியில் எண்ணிப் பார்த்திருப்பார்?

1788-இல் பொறுப்பை கெரிக்கே என்பவரிடம் ஒப்படைத்து ஓய்ந்தார். எண்பது வயது நிறைந்த மறுநாள், 1791 ஜனவரி 23-இல், சென்னையில் மறைந்தார். அவர் தமிழாக்கிய பழைய ஏற்பாடு அதற்குப் பிறகே, 1796-இல், அச்சேறி முடிந்தது. அகராதியைப் பின்வந்தோர் விரித்து விரித்துப் பதிப்பித்தார்கள். தரங்கம்பாடியில் 1972-இல் வெளிவந்த பதிப்பைச் சிகாகோப் பல்கலைக்கழகத்தார் கணினியில் ஏற்றியிருக்கிறார்கள். நம் விடுதி அறையிலிருந்தே கடன் என்று தட்டிப் பார்க்கலாம். காசு கேட்க மாட்டார்கள்.