ஹெர்ட்ஸ் வளைத்த தகடு

மெகாஹெர்ட்ஸ், கிகாஹெர்ட்ஸ்னு ரெக்கார்டு நோட்டுல எத்தனை தடவை எழுதியிருப்பீங்க? எங்க ஊர் பட்டினச்சேரியில கடலுக்குப் போற படகோட வாக்கி டாக்கி, மொட்டை மாடி டிஷ், எல்லாமே அந்தக் கணக்குலதான் ஓடுது. அது ஒரு மனுஷனோட பேர்னு தெரியும். ஆனா ஊட்டி பக்கத்துல முத்தோரைக்குப் போய் அங்க இருக்கற ரேடியோ தொலைநோக்கியைப் பார்த்த பிறகுதான் அவரைத் தேடிப் படிச்சேன்.

உங்க வீட்டு டிஷ் கிண்ணம் மாதிரி இருக்கும். ஊட்டியில இருக்கறது நீளமான தொட்டி மாதிரி. நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர். குறுக்கே வெட்டிப் பார்த்தா பரவளையம், அதாவது முதல் வருஷம் கிராபிக்ஸ் வகுப்புல நாம வரைஞ்ச அதே பாராபோலா. நேரா வர்ற அலைகள் கிண்ணத்துல ஒரு புள்ளியில சேரும், தொட்டியில ஒரு கோட்டுல சேரும். எந்த வழியா வந்தாலும் பாதையோட நீளம் ஒண்ணுதான். அதனால அலைகள் ஒண்ணை ஒண்ணு அழிக்காம கூடிக்கும்.

இந்தத் தொட்டி வடிவத்தை ரேடியோ அலைக்குப் பயன்படுத்திக் காட்டினவர்தான் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ்.

1857 பிப்ரவரி 22 அன்று ஜெர்மனியில ஹாம்பர்க் நகரத்துல பிறந்தார். அப்பா வக்கீல். சின்ன வயசுலேயே மர வேலை, கடைசல் வேலை எல்லாம் கத்துக்கிட்டார். நம்மளை மாதிரியே இன்ஜினியரிங் படிக்கத்தான் கிளம்பினார். 1877ல மியூனிக் போனதும், நமக்கு இயற்பியல்தான் சரின்னு தோணிச்சு. அப்பாவுக்குக் கடிதம் எழுதி அனுமதி கேட்டார். அப்பா சரின்னுட்டார்.

பெர்லின்ல அவரோட பேராசிரியர் ஹெல்ம்ஹோல்ட்ஸ். மேக்ஸ்வெல்லோட மின்காந்தக் கோட்பாட்டைச் சோதிக்கிற ஒரு கேள்விக்கு 1879ல பரிசு அறிவிச்சாங்க. ஹெல்ம்ஹோல்ட்ஸ் அதை ஹெர்ட்ஸ்கிட்ட கொடுத்தார். இவர் கணக்குப் போட்டுப் பார்த்துட்டு, இருக்கற கருவிகளை வச்சு முடியாதுன்னு விட்டுட்டார். ஆனா கேள்வியை மறக்கலை.

ஏழு வருஷம் கழிச்சு, கார்ல்ஸ்ரூவே தொழில்நுட்பக் கல்லூரியில பேராசிரியரா இருந்தப்போ, அங்க கிடந்த கம்பிச்சுருள்கள்ல எதிர்பாராத சின்னத் தீப்பொறி ஒண்ணைப் பார்த்தார். பழைய கேள்விக்கு வழி கிடைச்சிடுச்சு.

1888ல துத்தநாகத் தகட்டை மரச்சட்டத்து மேல பாராபோலாவா வளைச்சார். உயரம் 2 மீட்டர், வாய் 1.2 மீட்டர், குவியத்தூரம் 12.5 செ.மீ. குவியக் கோட்டுல பொறி விடுற கருவி, எதிர்ல அதே மாதிரி இன்னொரு தகடு. ஒளி மாதிரியே கண்ணுக்குத் தெரியாத அலையும் கற்றையாப் போச்சு. அதோட அலைநீளம் சுமார் 66 செ.மீ.

இன்னொண்ணும் செஞ்சார். ஒரு சட்டத்துல செப்புக் கம்பிகளை 3 செ.மீ. இடைவெளியில இணையாக் கட்டி நடுவுல நிறுத்தினார். கம்பிகள் அலையோட மின்புலத் திசையிலேயே இருந்தா அலை திரும்பிடும், குறுக்கே இருந்தா கடந்து போயிடும். அதாவது, சரியான திசையில கட்டினா வெறும் கம்பி வரிசையே கண்ணாடி ஆயிடும்.

1889ல பான் நகரத்துக்குப் போனார். 1892ல நோய் வந்தது. பல அறுவை சிகிச்சைக்கு நடுவுலயும் பாடம் எடுத்தார். 1894 ஜனவரி 1 அன்று இறந்தப்போ வயசு 36. மனைவியும் ரெண்டு பெண் குழந்தைகளும் இருந்தாங்க. விண்வெளியிலேர்ந்து ரேடியோ அலை வருதுன்னு தெரிய இன்னும் நாற்பது வருஷம் இருந்தது.

இப்போ ஊட்டிக்குத் திரும்புங்க. 1970ல கோவிந்த் ஸ்வரூப்பும் அவரோட குழுவும் கட்டின அந்தத் தொலைநோக்கியில முழுத் தகடே கிடையாது. 24 பாராபோலா சட்டங்கள் மேல 1100 எஃகுக் கம்பிகள் இணையா ஓடுது. அலைநீளம் சுமார் 92 செ.மீ., அதுக்குக் கம்பியே போதும். எடை குறைவு, மலைக்காத்தும் ஊடால போயிடும். மலைச்சரிவோட சாய்வு அந்த ஊர் அட்சரேகை அளவுக்கே, 11 டிகிரிக்குப் பக்கம். அதனால தொலைநோக்கியோட நீள அச்சு பூமியோட அச்சுக்கு இணையா அமையுது. ஒரே அச்சுல திருப்பினாலே ஒரு விண்மீன் மண்டலத்தை மணிக்கணக்கா தொடரலாம்.

ஹெர்ட்ஸோட தகடும் கம்பிச்சட்டமும் சேர்ந்து நிக்குது அங்க.

லேப்ல கருவி இல்லைன்னு நான் போன செமஸ்டர் ஒரு ப்ராஜெக்ட் தலைப்பை விட்டுட்டேன். அந்த நோட்டை மட்டும் இன்னும் தூக்கிப் போடலை. நீங்களும் போடாதீங்க.