ராணிப்பேட்டையில் பிறந்த டாக்டரம்மா

நம்ம கூட்டமைப்புல பிரசவத்துக்கோ, பிள்ளைக்குக் காய்ச்சல்னோ வேலூர் சி.எம்.சி. வாசலை மிதிக்காத குடும்பம் குறைவு. அதைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் அம்மா, 1870-ல் நம்ம ராணிப்பேட்டையில் பிறந்தவர். அப்பா அமெரிக்க மிஷன் டாக்டர்.

சின்ன வயதிலேயே தாது வருஷப் பஞ்சத்தைப் பார்த்தார். கையைத் தூக்கக்கூடத் தெம்பில்லாத பிள்ளைகளுக்கு ரொட்டியைப் பிய்த்து ஊட்டியிருக்கிறார். ஊரில் இரக்கமே இல்லாமலா போச்சு? இருந்தது. ஆனால் அரசு தானிய விலையைக் கட்டுப்படுத்தவில்லை, நாட்டிலிருந்து தானியம் கப்பலேறிக்கொண்டே இருந்தது. 1877-ல் நிவாரண வேலைக்குப் போன ஆம்பளைக்கு, நாள் முழுக்கப் பாடுபட்டால் அரைக் கிலோவுக்கும் குறைவான தானியமும் சில்லறைக் காசும்தான். அதற்குமுன் யாருடைய கைப்பிடிச் சோறு எத்தனை நாள் தாங்கும்!

படிப்பை அமெரிக்காவில் முடித்துவிட்டு அங்கேயே தங்கிவிடத்தான் ஐடாவுக்கு ஆசை. 1890-ல் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று திண்டிவனம் வந்தார. ஒரே ராத்திரியில் மூன்று புருஷர்கள் கதவைத் தட்டினார்கள். மூன்று வீட்டிலும் பிரசவம் சிக்கல். அப்பா வருவார் என்றால், ஆண் டாக்டர் கூடாது என்று திரும்பிப் போனார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் செத்துப்போனார்கள். அந்தப் புருஷர்களைக் கல்நெஞ்சம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பாசம் இருந்ததால்தானே நடுராத்திரியில் ஓடி வந்தார்கள்? வழக்கம் வழிமறித்தது, பெண் டாக்டரும் இல்லை.

ஐடா திரும்பிப் போய் 1899-ல் டாக்டரானார். அடுத்த வருஷமே வேலூரில் ஒரே கட்டிலோடு வைத்தியம் தொடங்கினார். 1902-ல் அமெரிக்க நன்கொடையில் 40 கட்டில் ஆஸ்பத்திரி எழுந்தது. 1909-ல் குடியாத்தம் சாலையில் மரத்தடி வைத்தியம். ஒருநாள் கூலியை விட்டுட்டு வேலூர் வரமுடியாதவர்களிடம் அவரே போனார். அந்தக் கணக்கு நமக்குப் புரியும். இன்றைக்கும் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ள ஷூ கம்பெனியில் இருக்கிறவளுக்கு 26 வாரம் வரை பிரசவ காலப் பணம் உண்டு. வீட்டில் உட்கார்ந்து அதே ஷூவுக்கு அப்பர் தைக்கிறவளுக்கு?

ஒருத்தியால் எத்தனை பேரைப் பார்க்கமுடியும் என்றுதான் 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்கினார். மூன்று பேராவது சேருவார்களா என்று பெரிய அதிகாரியே சந்தேகப்பட்டார். முதல் பரீட்சை எழுதிய 14 பெண்களும் பாஸ்!

1938 வாக்கில் அரசு விதி மாறியது. இனி எம்.பி.பி.எஸ். நடத்தும் கல்லூரிகள்தான் இருக்கலாம். கட்டடம், கருவி, ஆசிரியர் எல்லாம் வேண்டும், கையில் காசில்லை. எழுபது வயதில் அமெரிக்கா போய் ஊர் ஊராகப் பணம் திரட்டினார். 1942-ல் எம்.பி.பி.எஸ். அனுமதி கிடைத்தது. 1947-ல் ஆண்களையும் சேர்த்தார்கள். பெண்களுக்கென்று கொடுத்த பணமாச்சே என்று சில பழைய சிநேகிதிகளுக்கு வருத்தம்தான். பள்ளி மூடிவிடக் கூடாது என்று அவர் சம்மதித்தார்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1960 மே மாதம் கொடைக்கானலில் காலமானார். அப்போது அவருக்கு 89 வயது.