ஆசாரியர் பிரபுல்ல சந்திர ராய்

வங்காளத்திலே குல்னாப் பகுதியில், இன்று வங்காளதேசத்துக்குட்பட்ட ராருலி என்னுங் கிராமத்தில், 1861ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2ஆந் திகதி பிறந்தவர் பிரபுல்ல சந்திர ராய். சிறுவயதிற் பிடித்த வயிற்றுக்கடுப்பு அவரது படிப்பை இடையில் நிறுத்தியது. பின்னும் அவர் உடம்பு தேறவில்லை. அவ்வுடம்போடுதான் 1882இல் புலமைப்பரிசில் பெற்று எடின்பரோவுக்குச் சென்று, 1887இல் டி.எஸ்ஸி. பட்டமும் பெற்றார். 1889இல் கல்கத்தாப் பிரசிடென்சிக் கல்லூரியிலே மாதம் 250 ரூபா சம்பளத்தில் உத்தியோகம் கிடைத்தது.

அவருடைய வகுப்பைப்பற்றி மாணவர் சொல்லிவந்த கதையொன்றுண்டு. எலும்புத்துண்டை வெண்சாம்பலாகும்வரை எரித்து, அதிற் சிறிது வாயிலிட்டுக்கொள்வாராம். ஆசாரமான வீட்டுப் பிள்ளைகள் முகஞ் சுளித்திருப்பார்கள். நாமும் சுளித்திருப்போம். ஆனால் எலும்பை உடைத்தாலும் அரைத்தாலும் அது எலும்பே. உருவம் மாறுமேயன்றிப் பொருள் மாறாது. இது பௌதிக மாற்றம். நன்றாக எரித்தாலோ அதிலுள்ள சேதனப்பொருள்கள் ஒட்சிசனோடு கூடி வாயுவாகப் போய்விட, மிஞ்சுவது பெரும்பாலுங் கல்சியம் பொசுபேற்று. இது இரசாயன மாற்றம். பழைய பெயரைச் சொல்லி அச்சாம்பலை வெறுக்க நியாயமில்லை.

இதை அவர் வகுப்போடு விட்டாரல்லர். கசாப்புக்கடைகளிலிருந்து மாட்டெலும்பு வாங்கித் தம் வீட்டு மொட்டைமாடியிற் காயவைத்தார். மழை பெய்தது, புழு வைத்தது, காகங்கள் அயல் வீடுகளில் எலும்பைப் போட்டன. அயலார் பொறுப்பார்களா? வேறிடத்துக்குக் கொண்டுபோய் எரிக்க, பிணம் எரிகிறதோவென்று பொலிசார் வந்து பார்த்தனர். அந்தச் சாம்பலைக் கந்தகாமிலத்தோடு சேர்த்து, பின்பு சோடாவினால் மாற்றி, மருந்துக்குரிய சோடியம் பொசுபேற்றைச் செய்தார். 1892இல் ஏறக்குறைய 700 ரூபா முதலோடு தொடங்கிய அவ்வேலையே 1901இல் வங்காள இரசாயனக் கம்பனியாயிற்று.

1896இல் வெளியான அவருடைய கண்டுபிடிப்பு இரசத்தைப் பற்றியது. குளிர்ந்த, ஐதான நைத்திரிக்கமிலத்தை இரசத்தின்மேல் விட்டபோது மஞ்சட் பளிங்குகள் படிந்தன. நிறத்தைப் பார்த்து, முன்பே அறிந்த ஓர் உப்பென்று எண்ணினார். ஆயினும் அமிலமுள்ள இடத்தில் அவ்வுப்பு உண்டாவது பொருத்தமாயில்லை. சோதித்ததில் அது மேக்கூரசு நைத்திரைற்று என்று தெரிந்தது. நிலையற்றதென எண்ணப்பட்ட பொருளொன்று பளிங்காய்க் கையில் வந்திருந்தது. நிறமும் வடிவும் பௌதிக இயல்புகள். அவை குறிப்புத்தான் காட்டும். ஒரு பொருள் மற்றொன்றோடு எப்படித் தாக்கமுறுகின்றது என்பதே பிரபுல்லருக்கு அதை இன்னதென அறிவித்தது.

இந்து இரசாயன வரலாற்றை அவர் 1902இலும் 1909இலும் இரு பாகங்களாக வெளியிட்டார். நம் முன்னோரின் இரசவாத நூல்களை உலகறியச் செய்ததற்காக நாம் அதைக் கொண்டாடுகின்றோம். அதே நூலில் அவர் கூறிய குற்றத்தை மட்டும் வாசியாதவர்போற் கடந்துவிடுகின்றோம். கைத்தொழிலைத் தாழ்ந்த சாதியாருக்கென ஒதுக்கிக் கற்றவர் கையை மடக்கிக்கொண்டதனாலேயே இத்தேசத்தில் விஞ்ஞானம் குன்றியது என்பது அவர் முடிபு. மொட்டைமாடியில் எலும்பு பரப்பியவருக்கு அதைச் சொல்ல உரிமையுண்டு.

1916இற் பல்கலைக்கழக விஞ்ஞானக் கல்லூரிக்கு மாறினார். விவாகஞ் செய்யவில்லை. 1921இல் அறுபது வயதானதும், அதன்பின் வருஞ் சம்பளத்தைப் பல்கலைக்கழகத்துக்கே விட்டுக்கொடுத்தார். அக்கல்லூரியின் ஓரறையே அவருக்கு வீடு. 1944ஆம் ஆண்டு யூன் 16ஆந் திகதி அங்கேயே காலமானார்.