தங்கைமாரின் காவலர் ஹஜ்ரத் ஜாபிர் (ரலி)

கங்கைகொண்ட சோழபுரம், ஜெயங்கொண்டம் பக்கத்தில் முந்திரித் தோப்பையும் கூலி வேலையையும் நம்பி வாழும் வீடுகளில், தகப்பனார் கண்மூடிவிட்டால் மூத்த பிள்ளையின் படிப்பு அன்றோடு நின்றுபோவதுண்டு. ஓதி ஆலிமாக வேண்டும், வெளியூர் போய்ப் பெரிய ஆளாக வேண்டும் என்ற ஆசைகளை மூட்டை கட்டி வைத்துவிட்டு, தங்கைகளைக் கரை சேர்க்கும் வேலையில் அவன் இறங்கிவிடுவான். அத்தகைய பிள்ளைகள் உள்ள வீடுகளில் ஹஜ்ரத் ஜாபிர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்களின் சரிதை அவசியம் வாசிக்கப்பட வேண்டும்.

மதீனாவின் கஸ்ரஜ் கோத்திரத்தில் பனூ ஸலிமா கிளையைச் சேர்ந்தவர்கள் அவர்கள். கி.பி. 622-ல் நடந்த இரண்டாம் அகபா உடன்படிக்கைக்குத் தந்தையார் அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்களுடன் சென்றார்கள். அங்கு கூடிய எழுபதுக்கும் மேற்பட்டோரில் மிக இளையவர்களுள் ஒருவர். பெருமானார் (ஸல்) அவர்களின் பக்கத்தில் நின்று போராட வேண்டும் என்பதே அந்த இளம் நெஞ்சின் ஒரே ஆசை.

ஆனால் வீட்டில் பெண் குழந்தைகள் நிறைய. ஜாபிரின் சகோதரிகள் ஏழு பேர் என்றும் ஒன்பது பேர் என்றும் அறிவிப்புகள் உள்ளன. ஆண்பிள்ளை இவர் ஒருவர்தான். தந்தையும் மகனும் சேர்ந்து போய்விட்டால் அந்தப் பெண்மக்களுக்கு யார் துணை? பத்ருக்குப் போக முடியாமல் தந்தையார் தடுத்துவிட்டார்கள். ஹிஜ்ரி 3-ல் உஹதுக்குப் படை திரண்டபோதும் அதே கதைதான். அண்ணலாருடன் போர்க்களம் காணும் பாக்கியத்தைத் தம் மகனுக்காகக்கூட விட்டுக்கொடுக்கத் தந்தையாருக்கு மனமில்லை. ஆகவே வீட்டில் தங்குமாறு மகனைப் பணித்தார்கள். அப்போது ஜாபிருக்கு வயது சுமார் 19. அந்த வயதில் ஊரின் வாலிபர்களெல்லாம் கிளம்பிப் போக, தாம் மட்டும் வாசலில் நிற்பது எவ்வளவு கடினம்!

போருக்கு முந்திய இரவு தந்தையார் மகனை அழைத்தார்கள். முதலில் கொல்லப்படுவோரில் தாமும் ஒருவராக இருக்கக்கூடும் என்றும், தம் கடனை அடைத்துச் சகோதரிகளை நல்லபடி பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார்கள். மறுநாள் ஷஹீதானார்கள். தந்தையின் முகத்தை மூடிய துணியை விலக்கிப் பார்த்து ஜாபிர் அழுதார்கள். ஷஹீதுக்கு மலக்குகள் தம் சிறகுகளால் நிழலிட்டதாக நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள்.

உஹதுக்கு மறுநாளே ஹம்ராவுல் அஸதை நோக்கி எதிரிகளைப் பின்தொடர அழைப்பு வந்தது. முதல் நாள் போரில் நின்றவர்கள் மட்டுமே வரலாம் என்பது உத்தரவு. ஜாபிர் நேரே பெருமானாரிடம் போய், தாம் நின்றுவிட்ட காரணத்தைச் சொல்லி அனுமதி வேண்டினார்கள், கிடைத்தது. சகோதரிகளுக்காக வீட்டிலிருந்தது களத்திலிருந்து ஒதுங்கியதாக எண்ணப்படவில்லை என்பதை இங்கே கவனியுங்கள். அதன்பின் நாயகத்தின் போர்ப் பயணங்கள் எதிலும் அவர்கள் பின்தங்கவில்லை.

கடன் பாக்கி இருந்தது. 30 வஸக் பேரீச்சம்பழம். தோட்டத்து விளைச்சல் முழுவதையும் எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிடக் கடன்காரர் சம்மதிக்கவில்லை. நாயகம் (ஸல்) அவர்களே தோட்டத்துக்கு வந்து, பழங்களை ரகம் ரகமாகக் குவிக்கச் சொல்லி, குவியலைச் சுற்றி நடந்து, பிறகு அளந்து கொடுக்கச் சொன்னார்கள். கடன் முழுதும் தீர்ந்தது. வீட்டுக்கும் பழம் மிஞ்சியது.

ஒரு போரிலிருந்து திரும்பும் வழியில் ஜாபிரின் ஒட்டகம் களைத்துப் பின்தங்கியது. பெருமானார் (ஸல்) அவர்கள் அதைத் தட்டி விரட்ட, அது முந்திக்கொண்டு ஓடியது. பேச்சுவாக்கில் திருமணத்தைப் பற்றி விசாரித்தார்கள். ஜாபிர் மணந்திருந்தது முன்பே மணமாகியிருந்த ஒரு பெண்மணியை. சிரித்து விளையாட ஓர் இளம் கன்னியை மணந்திருக்கலாமே என்று நாயகம் கேட்டார்கள். தகப்பனார் பெண்மக்களை விட்டுச் சென்றிருக்கிறார், அவர்களைப் போன்றே இன்னொரு சிறுமியைக் கொண்டுவர விரும்பவில்லை, அவர்களுக்குத் தலைவாரி, பக்குவமாக நடத்தும் ஒருத்தி வேண்டும் என்று எண்ணினேன் என விளக்கினார்கள். நாயகம் அதை நல்லதென்று ஏற்று வாழ்த்தினார்கள். அந்த ஒட்டகத்தையும் விலைபேசி வாங்கி, மதீனா வந்ததும் பணத்தைச் சற்றுக் கூடுதலாகவே கொடுத்து, ஒட்டகத்தையும் அவரிடமே திருப்பித் தந்துவிட்டார்கள். புது மாப்பிள்ளைக்குப் பணமும் ஆயிற்று, வாகனமும் ஆயிற்று!

பின்னொரு சமயம் கடும் நோயில் விழுந்தபோதும் அவர்கள் கேட்டது, தம் சொத்து சகோதரிகளுக்கு எப்படிச் சேரும் என்பதைத்தான். அந்நிஸா அத்தியாயத்தின் வாரிசுரிமைச் சட்டம் அதையொட்டி இறங்கியதாக அறிவிக்கப்படுகிறது.

பிற்காலத்தில் மஸ்ஜிதுந் நபவியில் அவர்களைச் சுற்றி மாணவர்கள் அமர்ந்தார்கள். அவர்கள் வழியாக வந்த ஹதீஸ்கள் 1540 என்பர். ஒரேயொரு ஹதீஸைக் கேட்டவர் வாயிலாகவே கேட்பதற்காக ஒட்டகம் வாங்கி, ஒரு மாதம் பயணம் செய்து ஷாம் நாட்டில் அப்துல்லாஹ் இப்னு உனைஸ் (ரலி) அவர்களின் வாசலை அடைந்தார்கள்.

முதுமையில் கண்பார்வை போயிற்று. ஒரு நாள் வந்தவர்களை யார் யார் என்று விசாரித்து வருகையில், இமாம் ஹுசைன் (ரலி) அவர்களின் பேரரான முஹம்மது என்னும் இளைஞர் தம் பெயரைச் சொன்னார். ஜாபிர் கைநீட்டி அவர் தலையைத் தடவி, சட்டைப் பொத்தானை அவிழ்த்து, நெஞ்சின்மீது கை வைத்து வரவேற்றார்கள். இளைஞர் கேட்க, நாயகத்தின் இறுதி ஹஜ்ஜை ஆதி முதல் அந்தம் வரை வரிசையாகச் சொல்லி முடித்தார்கள். தவாபும் ஸயீயும் அரபாவில் தங்குவதும் எந்த முறையில் என்பதை இன்றும் நம் உலமாக்கள் அந்த ஹதீஸைக் கொண்டே விளக்குகிறார்கள். ஹிஜ்ரி 78-ல், சுமார் 94 வயதில், மதீனாவில் அவர்கள் காலமானார்கள்.